சுவரும் கூரையும் சேரும் இடம்

வாசகர் கேள்வி – பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா ஆரம்பித்த போட்டோ ஸ்டூடியோவை இன்றும் நடத்திவருபவர். மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கத்துக் கிராம வீடுகளைப் பல ஆண்டுகளாகக் கறுப்பு-வெள்ளையில் படம் எடுத்து வருபவர். இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்கிறார்.

கையில் இருக்கிற போன் அத்தனை நிறத்தையும் அள்ளிக்கொண்டு வருகிறது. கிராமத்து வீட்டை மட்டும் ஏன் கறுப்பு-வெள்ளையில் எடுக்க வேண்டும்? பழசு போலத் தெரியவா?
– வாசகர், வியாசர்பாடி

பழசு போலத் தெரிவதற்காக என்றால் தயவுசெய்து வேண்டாம். அந்த வீட்டில் இன்று காலையில்தான் வாசல் தெளித்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைப் படம் எடுத்து, பழுப்பேற்றி, நூறு வருஷத்துக்கு முந்தையது மாதிரி ஆக்கிக் காட்டுவது அங்கே குடியிருப்பவர்களுக்குச் செய்கிற மரியாதை இல்லை. போனில் 'பழைய படம்' என்று ஒரு பில்டர் இருக்கும். அதைத் தொடாதீர்கள்.

நான் கறுப்பு-வெள்ளைக்குப் போவதற்குக் காரணம் வேறு. மண் சுவர், கீற்று, பனஞ்சட்டம், சாணி மெழுகிய தரை, மூங்கில் படல் எல்லாமே பழுப்புக் குடும்பம். கலரில் எடுத்தால் இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கண் நேராக வாசலில் இருக்கும் சிவப்பு பிளாஸ்டிக் குடத்துக்கோ கொடியில் காயும் ரோஸ் நிறப் புடவைக்கோ போய்விடும். நிறத்தை எடுத்துவிட்டால் வெளிச்சமும் நிழலும்தான் பாக்கி. அப்போது சுவர் தெரிய ஆரம்பிக்கும். காலை ஏழரை மணி வெயில் பக்கவாட்டில் படும்போது, மண்ணும் சாணியும் குழைத்துப் பூசிய சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். விரல்கள் இழுத்துக்கொண்டு போன வளைவுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வளைவும் பூசிய பெண்ணின் கை எட்டிய தூரம் வரைதான். ஒரு வளைவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அவர் ஓர் அடி நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வீட்டைக் கட்டியவரின் உடம்பே அந்தச் சுவரில் இருக்கிறது. கலர் படத்தில் இது சும்மா பழுப்புச் சுவர்.

கலரே கூடாது என்று சொல்ல மாட்டேன். காவிப் பட்டை அடித்த திண்ணை, நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பு, பொங்கலுக்குப் புதிதாகப் பூசிய வாசல், இதற்கெல்லாம் ஒரு கலர் படமும் சேர்த்து எடுத்து வைக்கத்தான் வேண்டும். என்ன நிறம் என்று பின்னால் ஒருவர் கேட்டால் பதில் இருக்க வேண்டுமே.

நாங்கள் வடசென்னைக்காரர்கள். இங்கே எங்கே கிராமத்து வீடு? படம் எடுக்கக் காரைக்குடி, தஞ்சாவூர் என்று போக வேண்டியதுதானா?
– வாசகி, தண்டையார்பேட்டை

காரைக்குடி வீடுகளை எடுக்க ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். நம் கொல்லைப்புறத்தை எடுக்கத்தான் ஆள் இல்லை.

கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுங்கள். அத்திப்பட்டு தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பனைமரங்கள் வரும். மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, இதில் எங்கே இறங்கினாலும் ஷேர் ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ பிடித்து உள்ளே போகலாம். வயல் ஓரங்களில் தாழ்ந்த மண் சுவரும் கீற்றுக் கூரையுமாக வீடுகள் இருக்கின்றன. இருளர் குடியிருப்புகளில் விழல் வேய்ந்த கூரைகளைப் பார்க்கலாம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பஸ் பிடித்தால் ஏரிக்கரை வந்துவிடும். அங்கே போகிறவர்கள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியது 1613-ல். அதைப் பற்றிப் படித்தவர்கள் நிறைய எழுதியாயிற்று. பக்கத்துக் குப்பத்தில் வலை காயப்போடும் கொட்டகையின் பனங்கால்கள் எப்படி நட்டிருக்கின்றன என்று எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த கரை இது. அந்தச் சுண்ணாம்பு பூசிய சுவரை வெயிலில் தடவிப் பார்த்தால் சிமென்ட் பூச்சிலிருந்து வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

எண்ணூரில் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கம் போங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குப்பங்களில் கூரை வீடுகள் குறைந்து கான்கிரீட் பெருகிவிட்டது உண்மை. ஆனாலும் கான்கிரீட் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு அதன் நிழலில்தான் மீன் பிரிக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள், தூங்குகிறார்கள். அந்தப் பந்தலும் கிராமத்துக் கட்டடக்கலைதான். என்ஜினீயர் கையெழுத்து இல்லாமல், பக்கத்தில் கிடைப்பதை வைத்து, தெரிந்த கையால் கட்டியது எல்லாமே நமக்குப் பாடம்.

ஊருக்குள்ளேயும் இருக்கிறது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் திண்ணை வைத்த ஓட்டு வீடுகள் அங்கங்கே மிச்சம் இருக்கின்றன. எங்கள் வண்ணாரப்பேட்டையில் மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடுகள் இருக்கின்றன. தேக்குச் சட்டங்களின் மேல் சன்னமான செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டி, மேலே செங்கல் ஜல்லி போட்டு இடித்துத் தட்டோடு பதித்த மாடி அது. கூடத்தில் படுத்துக்கொண்டு மேலே பார்த்து ஒரு படம் எடுங்கள். சட்டங்களுக்கு நடுவே செங்கல் சாய்ந்து ஓடும் வரிசை கறுப்பு-வெள்ளையில் அப்படியொரு அழகு.

வெள்ளையடித்த சுவரைப் படம் எடுத்தால் சாம்பலாக வருகிறது. ஓட்டுக் கூரையும் பின்னால் மரமும் ஒரே நிறமாகி ஒட்டிக்கொள்கின்றன. என்ன செய்வது?
– வாசகர், மணலி

இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்.

முதலாவது, வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் செய்வது. அதற்குச் சுண்ணாம்பும் தெரியாது, கரியும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்து அதற்கேற்ற வெளிச்சத்தைத்தான் கொடுக்கும். படம் முழுக்க வெள்ளைச் சுவர் என்றால் மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப்பிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டிக் கொடுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). போனில் சுவரின் மேல் விரலை வைத்து அழுத்தி, பக்கத்தில் வரும் சூரியன் குறியை மேலே தள்ளினால் போதும். சுவரின் சொரசொரப்பு மறையாத வரை தள்ளலாம். அது மறைய ஆரம்பித்த இடத்திலிருந்து கொஞ்சம் இறங்கி வாருங்கள். புகை படிந்த அடுப்பங்கரைச் சுவருக்கு நேர் எதிர்: அங்கே குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கரி படிந்த சுவரும் சாம்பலாகிவிடும்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. ஓட்டின் சிவப்பும் வேப்பமரத்தின் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிர் நிறங்கள். ஆனால் இரண்டின் வெளிச்ச அளவும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் நிறத்தை எடுத்ததும் இரண்டும் ஒரே சாம்பல். இங்கேதான் பில்டர் வேண்டும். பிலிம் கேமரா என்றால் லென்ஸ் முன்னால் மாட்டும் கண்ணாடி. ஆரஞ்சு பில்டர் போட்டால் ஓடு வெளுக்கும், இலை இருளும், நீல வானமும் இருண்டு மேகம் எழுந்து நிற்கும். பச்சை பில்டர் போட்டால் தலைகீழ்: இலை வெளுத்து ஓடு இருளும். டிஜிட்டலில் கலராகவே எடுத்து, பிறகு கறுப்பு-வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறது. அதே வேலைதான்.

எதை வெளுக்க வைப்பது, எதை இருள வைப்பது? நான் ஓட்டைக் கொஞ்சம் இருட்டாகத்தான் வைப்பேன். நாட்டு ஓட்டுக் கூரையை வெளுக்கவிட்டால் ஓடுகளின் முதுகும் பள்ளமும் தட்டையாகி, குயவர் சக்கரத்தில் சுற்றி நீளவாக்கில் பிளந்து எடுத்த வளைவு தெரியாமல் போய்விடும். சீமை ஓடு அப்படியில்லை, அதற்குக் கோடுதான் முக்கியம், வெளுத்தாலும் நிற்கும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் 1865-ல் தொழிற்சாலை வைத்துச் செய்ய ஆரம்பித்த அச்சு ஓடு அது. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பள்ளம் அதில் உண்டு. எங்கேயாவது கழற்றி அடுக்கியிருந்தால் ஓட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கம்பெனி முத்திரை இருக்கும். அதையும் ஒரு படம்.

குடிசைகளை மாற்றி அரசாங்கம் கான்கிரீட் வீடு கட்டித் தருகிறது. நல்ல விஷயம்தானே? நீங்கள் குடிசையை அழகு என்று படம் எடுப்பது, அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்வது ஆகாதா?
– வாசகர், மீஞ்சூர்

நல்ல கேள்வி. கோபத்தோடு கேட்டிருந்தாலும் நியாயமான கேள்வி.

கான்கிரீட் வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கீற்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சித்திரையில் நெருப்புப் பயம், ஐப்பசியில் மழைப் பயம். எங்கள் பக்கம் ஒரு குடிசை பற்றினால் ஒரு வரிசையே போகும். 2010-ல் ஒரு திட்டம் வந்தது, 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் வந்தது. வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் எட்டு லட்சம் வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். கட்டட்டும். எல்லோருக்கும் கிடைக்கட்டும்.

என் கவலை ஒன்றே ஒன்று. அந்த வீட்டோடு சேர்த்து அதைக் கட்டத் தெரிந்த அறிவையும் இடித்துக் கொட்டிவிடுகிறோம். மண் சுவருக்கு எதிரி தண்ணீர். மேலிருந்து வரும் மழை, கீழே பட்டுத் தெறிக்கும் மழை, இரண்டும் சுவரைக் கரைக்கும். இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த பதில்தான் தாழ்ந்த இறவாணமும் உயர்ந்த திண்ணையும். கூரை சுவரைத் தாண்டி இரண்டு மூன்று அடி வெளியே வந்து தாழ்கிறது, மேல்மழை சுவரைத் தொடாது. திண்ணை சுவரின் காலை மூடிக்கொள்கிறது, தெறிக்கும் மழை திண்ணையோடு நின்றுவிடும். திண்ணை உட்காருவதற்கு மட்டும் என்று நினைக்கிறோம். அது சுவருக்குக் காலணி. இப்போது கட்டுகிற வீடுகளில் இறவாணமும் இல்லை, திண்ணையும் இல்லை. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி முழுக்க உள்ளே அனலைக் கொட்டுகிறது. ஆகவேதான் புது வீடு கட்டி ஒரு கோடை முடிவதற்குள் வாசலில் கீற்றுச் சாய்ப்பு இறக்கிவிடுகிறார்கள்.

என் படத்தைப் பார்த்து ஒரு மேஸ்திரி, 'சன்ஷேடை இன்னும் ஓரடி நீட்டலாம், வாசலில் ஒரு திண்ணை கட்டலாம்' என்று யோசித்தால் எனக்குப் போதும். அழகு என்று சொல்வதற்காக நான் எடுப்பதில்லை. அழகாக இருக்கிறது என்பதை மறைக்கவும் மாட்டேன்.

அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: முழு வீட்டையும் தூர நின்று எடுத்த படத்தோடு போகாதீர்கள். கூரையும் சுவரும் சேரும் இடத்துக்குக் கிட்டே போங்கள். இறவாணம், சுவர், திண்ணை, தரை, நான்கும் ஒரே படத்தில் வர வேண்டும். மழை தெறித்த கறை சுவரில் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்பது கறுப்பு-வெள்ளையில் பட்டை போட்ட மாதிரித் தெரியும். அந்த வீடு மழையோடு என்ன ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடும்.

படத்தில் சுவர்கள் பின்னால் சாய்ந்து விழுவது போல வருகின்றன.
– வாசகர், எருக்கஞ்சேரி

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்திருக்கிறீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு பின்னால் நகருங்கள். தெரு குறுகலாக இருந்தால் முன்னால் தரை அதிகம் வரும், பரவாயில்லை, பிறகு வெட்டிக்கொள்ளலாம். போனின் அகல லென்ஸைத் தொடாதீர்கள், அது ஓரத்துச் சுவரை இழுத்துவிடும். இன்னொன்று: கூரை வீட்டின் இறவாணம் பெரும்பாலும் நம் தோளுக்குக் கீழேதான் இருக்கும். நின்றபடி எடுத்தால் கூரை மட்டும்தான் வரும், வாசல் மறைந்துவிடும். இடுப்பு உயரத்துக்குக் கேமராவை இறக்குங்கள். அந்த வீட்டுக்காரர்கள் குனிந்துதானே உள்ளே போகிறார்கள்.

கிராமத்தில் கேமராவை எடுத்தாலே சந்தேகமாகப் பார்க்கிறார்கள். ஒருமுறை ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். உங்களை மட்டும் எப்படி விடுகிறார்கள்?
– வாசகர், பெரம்பூர்

அவர்கள் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. கேமராவோடு வருகிறவர் ஒன்று சர்வேக்காரர், இல்லை நிலம் எடுக்க வந்தவர், இல்லை 'பாவம் ஏழை' என்று நெட்டில் போடுகிறவர். இந்த மூன்று பேரையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் நான்காவது ஆள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மீஞ்சூர் தாண்டி ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். வாசலில் ஓர் ஆயா முருங்கைக் கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கேமராவைப் பார்த்ததும் கேட்டார்.

“இன்னாமா எடுக்குற? ஊட்ட இட்ச்சிட்டு ரோடு போடப் போறாங்களா?”

“இல்ல ஆயா. கூரையப் பாத்துக்கினு இருக்கேன். ரொம்ப நல்லா வேய்ஞ்சிருக்கு. யாரு வேய்ஞ்சது?”

கீரையை முறத்தில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். “நல்லா வேய்ஞ்சிருக்கா? எந்தப் பக்கம் பாத்துட்டு சொல்ற? கிழக்கால பக்கம் எங்க ஊட்டுக்காரரு வேய்ஞ்சது, அது நல்லாருக்கு. மேற்கால பக்கம் எம்புள்ள வேய்ஞ்சான். ஒழுவுது.”

கையைப் பிடித்து இறவாணத்துக்கு அடியில் குனிய வைத்துக் காட்டினார். கிழக்குப் பக்கத்தில் கீற்றுகள் நாலு விரற்கடைக்கு ஒன்றாக நெருங்கி அடுக்கியிருந்தன. மேற்குப் பக்கத்தில் ஒரு சாணுக்கு ஒன்று. “காசு மிச்சம்னு தள்ளித் தள்ளி வெச்சிட்டான். மழைக்கு தெரியுமா உன் காசு?” கீற்றைத் தாங்கும் குறுக்குக் கம்பான வரிச்சில் கட்டியிருந்த முடிச்சையும் காட்டினார். கிழக்கே ஊறவைத்த பனை நாரில் ஒவ்வொரு கட்டிலும் இரண்டு சுற்று, நுனி உள்பக்கம் மடித்துச் செருகியது. மேற்கே நைலான் கயிறு, சும்மா ஒரு முடிச்சு. அந்த இரண்டு முடிச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம் இன்றைக்கும் என் ஸ்டூடியோவில் மாட்டியிருக்கிறது. அவரே, 'என்ன மட்டும் எடுக்காத, ஆட்டுக்குட்டியோட எடு' என்று நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். அடுத்த முறை போனபோது பிரிண்ட் கொடுத்தேன்.

'படம் எடுக்கலாமா' என்று கேட்பதற்கு முன்னால் 'யார் கட்டியது' என்று கேளுங்கள். கட்டியவரைக் கேட்டு வருகிறவரை யாரும் விரட்ட மாட்டார்கள். அதே போல, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கேமராவைப் பைக்குள் போட்டுவிட வேண்டும், தூரப் போய் ஜூம் செய்யக் கூடாது. திறந்திருக்கிற கதவு வழியாக உள்ளே எடுக்காதீர்கள். கீற்றுத் தடுப்பு வைத்த குளியல் மறைப்பு பக்கம் கேமராவையே திருப்பாதீர்கள். இருளர் குடியிருப்புகளுக்குப் பத்துப் பேர் 'போட்டோ வாக்' என்று கூட்டமாகப் போவதைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வரும். தனியாகப் போங்கள், இல்லை இரண்டு பேர். பிரிண்ட் தருகிறேன் என்று சொன்னால் கொண்டுபோய்க் கொடுங்கள். போனில் அனுப்புவது வேறு, கையில் கொடுப்பது வேறு.

கூரையில் நீலத் தார்ப்பாய், பக்கத்தில் டிஷ் ஆன்டெனா, ஈ.பி. மீட்டர். இவை வராமல் எப்படி எடுப்பது?
– வாசகி, மாதவரம்

ஏன் வராமல் எடுக்க வேண்டும்? கீற்று மாற்றக் காசு இல்லாத வருஷம் தார்ப்பாய் போடுகிறார்கள். அது பறக்காமல் இருக்கப் பழைய டயரையோ கல் கட்டிய கயிற்றையோ மேலே போடுகிறார்கள். அந்தக் கயிற்றின் கட்டு, பழைய வலையிலிருந்து எடுத்த கயிறாக இருந்தால் மீனவர் கட்டும் முடிச்சாகவே இருக்கும். இதையும் படம் எடுக்காவிட்டால் வேறு எதை எடுக்கப் போகிறீர்கள்? எண்ணூர் பக்கம் குடிசைக்குப் பின்னால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி நிற்கும். கொஞ்சம் நகர்ந்து மறைத்துவிட்டால் படம் கேரளத்துக் காலண்டர் போல ஆகிவிடும். அந்த வீடு அந்தப் புகைபோக்கிக்குக் கீழேதான் இருக்கிறது. நான் மறைப்பதில்லை.

நீலத் தார்ப்பாய் கண்ணை உறுத்துகிறது என்றால், கறுப்பு-வெள்ளையில் அதன் உறுத்தல் பாதி போய்விடும்.

தாத்தாவின் ஆக்ஃபா கிளிக் 3 கேமரா பரணில் கிடைத்தது. அதில் எடுக்க முடியுமா? பிலிமை வீட்டிலேயே கழுவலாமா?
– கல்லூரி மாணவி, ராயபுரம்

தாராளமாக. அது 120 என்ற அகலச் சுருள் பிலிம் போடும் பெட்டிக் கேமரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். ஷட்டர் வேகத்தை மாற்ற வழி கிடையாது. அதனால் 100 ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை வாங்கும் வேகத்தின் அளவு) பிலிம் போட்டு, நல்ல வெயிலில், மூச்சை அடக்கி, சுவரிலோ மரத்திலோ சாய்ந்துகொண்டு அழுத்துங்கள். நுண்ணிய முடிச்சுகளை அதில் எடுக்க முடியாது, முழு வீட்டுக்கு நன்றாகவே இருக்கும். முதலில் பின்கதவைத் திறந்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். கடலோரத்துப் பரண் லென்ஸுக்கு ஆகாது. துடைத்தபின் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

அப்பா காலத்தில் எங்கள் ஸ்டூடியோவுக்கு ஊட்டியிலிருந்து 'இந்து' பிலிமும் பேப்பரும் வரும். 1960-ல் தொடங்கி 1967-லிருந்து உற்பத்தி செய்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பு. இப்போது அது இல்லை. அந்தக் காலத்துப் பாக்கெட் எங்கேயாவது கிடைத்தால் ஆசைப்பட்டு நல்ல வீட்டுக்குப் போடாதீர்கள், மங்கல் விழுந்திருக்கும். புது பிலிமே போடுங்கள்.

கழுவுவது நம் ஊரில் கொஞ்சம் கவனமாகச் செய்ய வேண்டியது. பிலிமில் படத்தை வெளிக்கொண்டு வரும் டி-76 டெவலப்பரில் இத்தனை நிமிஷம் என்று எழுதியிருப்பதெல்லாம் 20 டிகிரிக்கு. மே மாதம் நம் மாடித் தொட்டித் தண்ணீர் முப்பதைத் தாண்டும். அந்தச் சூட்டில் போட்டால் நேரம் மிகவும் குறைந்து, படம் திட்டுத்திட்டாகும். ஒரு அகலப் பேசினில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் போட்டு, டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ பாட்டில்களை அதில் நிற்க வைத்து, தெர்மாமீட்டர் பார்த்து ஆரம்பியுங்கள். ஐஸை டெவலப்பரிலேயே போட்டுவிடாதீர்கள், கரைசல் நீர்த்துவிடும். 20 வரை இறக்க முடியாவிட்டால் 24-ல் வைத்து, அதற்கான நேர அட்டவணையைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். கடைசிக் கழுவலுக்கு எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் உப்புத் திட்டு விழும். கேன் தண்ணீரில் ஒரு தடவை அலசிவிட்டுத் தொங்கவிடுங்கள்.

இந்த மாதிரிப் படங்களில் யாருடையதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?
– வாசகர், திருவொற்றியூர்

நம் ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்து, 1858 வாக்கில் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் படம் எடுத்தார். கல்லின் மேல் வெளிச்சம் விழும் நேரத்தை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். அந்தக் கால ரசாயனம் நீலத்துக்குத்தான் மயங்கும்; வானம் வெறும் வெள்ளையாக வரும். நெகட்டிவிலேயே கையால் மேகம் தீட்டியிருக்கிறார். ஆனால் அவர் எடுத்தது பெரும்பாலும் கோயிலும் அரண்மனையும்தான். அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தவர்களின் வீடு அதில் இல்லை. அது எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஜோதி பட் என்ற பரோடா ஓவியர் 1967 வாக்கிலிருந்து கிராமங்களுக்குப் போய், சுவரில் வரைந்த சித்திரங்களையும் தரைக்கோலங்களையும் அவற்றை வரைந்த பெண்களோடு சேர்த்துக் கறுப்பு-வெள்ளையில் எடுத்தார். சுவரையும் ஆளையும் பிரிக்காமல் எடுப்பது எப்படி என்று நான் அவர் படங்களில்தான் கற்றேன். வெளிநாட்டில் பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற ஜெர்மன் தம்பதி, 1959-லிருந்து சீகன் பகுதியின் மரச்சட்ட வீடுகளை மேகமூட்ட நாளில், நேருக்கு நேர், ஒரே மாதிரி நின்று எடுத்துச் சேர்த்தார்கள். பத்து வீட்டை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் ஒரு தச்சன் எங்கே வேறுபட்டான் என்பது தெரியும். ஒரே ஊரின் பத்துத் திண்ணைகளை இப்படி யாராவது எடுத்தால் முதலில் நான் வந்து பார்ப்பேன்.

ஒரு வீட்டுக்கு எத்தனை படம் வேண்டும்? படத்தோடு என்ன எழுதி வைப்பது?
– பள்ளி ஆசிரியர், பொன்னேரி

மாணவர்களை வைத்துச் செய்யப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மனது நிறைந்துவிட்டது.

நேர் முன்பக்கம், பக்கவாட்டு, இறவாணமும் சுவரும் சேரும் மூலை, உள்ளே அனுமதித்தால் கீழிருந்து கூரையின் கட்டு, நிலைக்கதவு, விளக்கு மாடம். எங்கேயாவது ஒரு படத்தில் டேப்பையோ ஒரு மாணவரையோ சுவரருகே நிறுத்துங்கள், அளவு தெரிய வேண்டும். சுவரின் கனம், திண்ணையின் உயரம், இறவாணம் தரையிலிருந்து எவ்வளவு, இந்த மூன்றையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். பிரிண்டின் பின்னால் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். மெல்லிய பென்சிலில் ஊர், மாதம், வருஷம், என்னென்ன பொருள், கூரை கடைசியாக எப்போது மாற்றியது, யார் கட்டியது. கட்டியவர் பெயர் எழுத அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள்.

கடைசியாகப் பின்பக்கம். மாணவர்கள் அதை மறந்துவிடுவார்கள், பெரியவர்களும் மறந்துவிடுகிறார்கள். ஒட்டுப்போட்ட சுவர், முட்டுக் கொடுத்த கம்பு, சுவர் கரைந்த இடத்தில் செருகிய ஓட்டுச் சில்லு, அடுப்புப் புகை வெளியேற வைத்த ஓட்டை எல்லாம் அங்கேதான் இருக்கும். கொல்லைப்பக்கம் போக வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் குளிக்கிற, துவைக்கிற நேரமாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். மேற்குப் பார்த்த கொல்லை என்றால் எப்படியும் சாயங்காலம் நாலரைக்கு மேல்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும்.